பாதியில் நிற்கும் அப்டேட்: ஃபார்மட் செய்துதான் ஆகவேண்டுமா?

ரங்கூன் தாம்வே பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டில் இருப்பது 2017இல் வாங்கிய மேசைக் கணினி. ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கணவரின் மளிகைக் கடைக் கணக்கு முழுவதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த பாடத்தாள்களும் அதில்தான். "அப்டேட் வந்தால் கணினி கெட்டுவிடும்" என்று சொல்லி உறவினர் ஒருவர் ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு அப்டேட்டை நிறுத்திவைத்திருந்தார். அண்மையில் மகள் அதை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தொல்லை. கைபேசி இணையத்தில் பல ஜிபி இறங்குகிறது; கணினி தானாக மூடித் திறக்கிறது; நீலத் திரையில் விழுக்காடு ஏறுகிறது; முப்பதைத் தாண்டுமுன் கரண்ட் போய்விடுகிறது. கரண்ட் வந்தபின் போட்டால் "அன்டூயிங் சேஞ்சஸ்" என்று ஒரு மணி நேரம் சுற்றி, பழைய நிலைக்கே வந்து நிற்கிறது. இப்படி நான்கு தடவை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடுகிறது. இணையப் பக்கங்கள் "பாதுகாப்பற்றது" என்று திறக்க மறுக்கின்றன. பழுதுபார்க்கும் கடைக்காரர், "ஹார்டு டிஸ்க் போச்சு, விண்டோஸ் 10 காலாவதி ஆச்சு, ஃபார்மட் பண்ணி 11 போட்டு ஆக்டிவேட்டும் பண்ணித் தர்றேன்" என்கிறார்.

சகோதரி கேட்பவை மூன்று. கடைக்காரர் சொல்வது உண்மையா? ஃபார்மட் செய்தால், அதாவது டிஸ்க்கை அழித்துப் புதிதாக நிறுவினால், கணக்கும் பாடங்களும் என்ன ஆகும்? பேசாமல் அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திவிட்டால் என்ன?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் விண்டோஸ் உடைந்துபோகவில்லை. அப்டேட் பாதியில் அறுந்தபோது, முன்பிருந்த நிலைக்குத் தன்னைத் தானே மீட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் பயந்து பார்த்த அந்த "அன்டூயிங் சேஞ்சஸ்" திரைதான் நான்கு முறையும் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றியது. அது ஓடும்போது ஒருபோதும் பவர் பொத்தானை அழுத்தி அணைக்காதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அது ஒன்றரை மணி நேரம்கூட எடுக்கும்.

ஓர் அப்டேட் மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் இறக்கம். அடுத்து, நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் நடக்கும் தயாரிப்பு. இந்த இரண்டிலும் கரண்ட் போனால் பெரிய இழப்பில்லை. மூன்றாவது, கணினி மூடித் திறந்து நீலத் திரையில் விழுக்காடு காட்டும் கட்டம். பழைய கோப்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பது அப்போதுதான். அங்கே அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. உங்கள் கணினியில் இந்த மூன்றாம் கட்டம் மிக நீளமாக இருக்கக் காரணம் உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் பதிப்பு எண் 1909 என்று தெரிகிறது. அது 22எச்2 என்ற கடைசிப் பதிப்புக்கு ஏற முயல்கிறது. இது மாதாந்தரச் சிறு திருத்தம் அல்ல, விண்டோஸ் முழுவதையும் மாற்றி வைக்கும் வேலை. உங்கள் டிஸ்க்கில் மூன்றாம் கட்டம் மட்டுமே இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். நான்கு மணி நேரம் கரண்ட், நான்கு மணி நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்கமும் தயாரிப்பும் முதல் மூன்று மணி நேரத்தைத் தின்றுவிட்டால், முப்பது விழுக்காட்டில் கரண்ட் போகாமல் என்ன செய்யும்?

ஆகவே செய்யவேண்டியது ஒன்றுதான். ஆபத்தான அந்தக் கட்டத்தைச் சுருக்கி, கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் அடக்கவேண்டும். கீழே சொல்லும் வரிசை அதற்காகத்தான். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

கை வைக்குமுன் நகல்

வேறு எதையும் தொடுவதற்கு முன், கணக்கையும் பாடத்தாள்களையும் வெளி டிரைவ் ஒன்றில் நகல் எடுங்கள். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு கோப்புறைகளும் போதும் என்று நினைக்கவேண்டாம். கணக்கு மென்பொருள்கள் பல, தங்கள் தரவை சி டிரைவில் தம் பெயரிலேயே ஒரு கோப்புறையில் வைத்திருக்கும். மென்பொருளுக்குள் "பேக்கப்" என்ற கட்டளை இருந்தால் அதையும் ஓட்டி, கிடைக்கும் கோப்பைத் தனியாக வையுங்கள்.

நகல் எடுத்தவுடன் டிரைவைக் கழற்றி, வேறொரு கணினியில் செருகி, கணக்குக் கோப்பு ஒன்றையும் பாடத்தாள் ஒன்றையும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பக்கூடாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் "2 டெராபைட்" பென்டிரைவ்களில் போலிகள் உண்டு. உள்ளே இருப்பது 16 ஜிபியாக இருக்கும். அதற்குமேல் எழுதுவதெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். கோப்பின் பெயர் பட்டியலில் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

இனி, கடைக்காரர்கள் யாரும் நினைவில் வைக்காத ஒன்று: உங்கள் எழுத்துருக்கள். பாடத்தாள்களைப் பாமினியில் தட்டச்சு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாமினியில் அடித்த கோப்புக்குள் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "தமிழ்" என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஃபார்மட் செய்தபின் பிள்ளைகளின் பாடமெல்லாம் இப்படி மாறிக் கிடப்பதைப் பார்த்து, கோப்பே கெட்டுவிட்டது என்று அழித்துவிடுபவர்கள் உண்டு. கெடவில்லை, போர்வைதான் போயிருக்கிறது.

ஆகவே பாமினி கோப்பையும் எடுத்து வையுங்கள். இரண்டு இடங்களில் தேடவேண்டும். ஒன்று, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ். மற்றொன்று பலருக்குத் தெரியாதது. 1809 பதிப்பிலிருந்து, ஒருவர் தமக்கு மட்டும் நிறுவிய எழுத்துரு அவருடைய பயனர் கோப்புறைக்குள், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் போய் உட்கார்ந்திருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதியில் "ஹிடன் ஐட்டம்ஸ்" என்பதை டிக் செய்தால் தெரியும். கணவரின் பர்மியப் பில்கள் சவ்ஜியில் இருந்தால் அந்த எழுத்துருவையும் அதன் விசைப்பலகை மென்பொருளையும் இதே நகலில் சேருங்கள். மியன்மார் 2019 அக்டோபரில் யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறிமுறைக்கு மாறியது. ஆனால் அதற்கு முன் அடித்த பில்கள் தாமாக மாறிவிடவில்லை. ஓய்வு கிடைக்கும்போது பாமினித் தாள்களையும் யூனிகோடுக்கு மாற்றிவைப்பது நல்லது. அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடிகாரம் பின்னால் போவது ஏன்?

இது தனிக் கோளாறு, சின்னச் செலவில் முடியும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று இருக்கிறது. கணினிக்குச் சுவர் கரண்ட் இருக்கும்வரை, அணைத்து வைத்திருந்தாலும், கடிகாரம் அந்தக் கரண்டில் ஓடும். கரண்ட் இல்லாத நேரம் முழுக்க இந்தப் பேட்டரியைத்தான் தின்னும். நாள்முழுக்க மின்சாரம் உள்ள ஊரில் பல ஆண்டு வரும் பேட்டரி, பாதி நாள் கரண்ட் இல்லாத வீட்டில் சீக்கிரம் தீர்வது இயல்பு.

தேதி தவறினால் இணையமும் தவறும். ஒவ்வொரு பாதுகாப்பான இணையப் பக்கமும் இன்ன தேதி முதல் இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் காட்டுகிறது. உங்கள் கணினி 2017இல் நின்றுகொண்டு 2026ஆம் ஆண்டுச் சான்றிதழைப் பார்த்தால், "இது இன்னும் தொடங்கவே இல்லையே" என்று மறுக்கும். விண்டோஸ் அப்டேட்டும் அதே காரணத்தால், 80072எஃப்8எஃப் என்று முடியும் பிழை எண்ணைக் காட்டும்.

மாற்றுவதற்கு முன், பயாஸ் திரையில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், சேட்டா மோட் (டிஸ்க் இணைப்பு முறை) என்ன என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏஎச்சிஐ என்று இருக்கும். பேட்டரியைக் கழற்றும்போது இந்த அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் நீலப் பிழைத் திரையோடு நின்றுவிடும். பார்ப்பவர்கள் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்பார்கள். சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிளிப்பை நெம்பிப் பழையதை எடுத்து, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். பிறகு விண்டோஸில் நேர மண்டலம் "யாங்கோன் (ரங்கூன்), 6.30" என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் சில சமயம் பாங்காக் நேரத்தை, அதாவது 7 மணியை, வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஹார்டு டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டதா?

கடைக்காரர் எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. "மெதுவாக இருக்கிறது" என்பது மட்டும் காரணமாகாது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். நீலத்தில் "குட்" என்றால் தேவலை. மஞ்சளில் "காஷன்" என்றால் டிஸ்க் தேய ஆரம்பித்திருக்கிறது. பட்டியலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளை மட்டும் கவனியுங்கள். முதலாவது, கெட்டுப்போனதால் ஏற்கனவே ஒதுக்கிய இடங்கள். இரண்டாவது, படிக்கமுடியாமல் தவிக்கும் இடங்கள். கடைசிப் பத்தியில் இரண்டும் வெறும் சுழியங்களாக இருந்தால் டிஸ்க்குக்கு உடனடி ஆபத்து தெரியவில்லை. சி5இல் ஏதேனும் எண் இருந்தால், நகல் எடுத்து முடியும்வரை அந்த டிஸ்க்கில் எந்தச் சோதனையையும் ஓட்டாதீர்கள். முக்கியமாக "செக்டிஸ்க்" கட்டளையோடு ஆர் சேர்த்து முழுப் பரப்பையும் சோதிப்பது, சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஓடவிட்டுக் கொல்வது போல.

டிஸ்க் நல்லதாகவே இருந்தாலும், நான் எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்குக்கு, மாறச் சொல்வேன். இதை வசதிக்காகச் சொல்லவில்லை. 22எச்2 ஏற்றத்தின் மூன்றாம் கட்டம் எஸ்எஸ்டியில் இருபது முதல் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் நான்கு மணி நேரத்துக்குள் அது தாராளமாக அடங்கும். செலவழிக்கும் பணத்துக்கு இதைவிடப் பயன் தரும் பாகம் இந்தக் கணினிக்குக் கிடையாது.

வாங்கும்போது ஒரு கணக்கு. 500 ஜிபி டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்ய, அதாவது உள்ளதை உள்ளபடி முழுதாக நகலெடுக்க, 480 ஜிபி எஸ்எஸ்டி போதாது, 500 அல்லது 512 வேண்டும். 240 ஜிபிதான் வாங்கமுடியும் என்றால், முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி பகுதியைச் சுருக்கவேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். க்ளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, அலமாரியில் வையுங்கள். அதுவே உங்கள் இரண்டாவது நகல். இரண்டையும் ஒன்றாகச் செருகியபடி முதல் தடவை இயக்காதீர்கள். எதிலிருந்து தொடங்கியது என்ற குழப்பம் வரும்.

பணம் மிஞ்சினால் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். ஆறாம் தலைமுறைப் பலகைகளில் டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டு வகையும் உண்டு. பள்ளம் இருக்கும் இடம் வேறு. இருக்கும் ராமைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஏற்றத்தைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள்

ஒவ்வொரு முறையும் கைபேசி டேட்டாவில் பல ஜிபி இறக்கியது வீண். நல்ல இணையம் உள்ள ஒருவர் வீட்டிலோ அலுவலகத்திலோ, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 10க்கான மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றுப் பென்டிரைவில் நிறுவல் கோப்புகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். பாடத்தாள் நகலை அதில் வைத்துவிடாதீர்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம்: "இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்", "இங்கிலீஷ் இன்டர்நேஷனல்" இரண்டும் வேறு. உங்கள் விண்டோஸில் எது இருக்கிறதோ அதேதான் வேண்டும். மாறிப்போனால், பின்னால் மென்பொருள்களை வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கிப்போய்க் கிடைக்காது.

வீட்டுக்கு வந்தபின், முதலில் உறவினர் போட்ட தடுப்பு மென்பொருளின் மிச்சம் ஏதும் இருந்தால் முழுதாக நீக்குங்கள். சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலி இருக்கட்டும். இடம் போதாமல்போனால் 80070070 என்று முடியும் பிழை வரும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் நான்கு தோல்வியின் மிச்சங்களும் அங்கே குவிந்திருக்கும், அழிக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்பதும் ஒன்றாக நிற்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு கமாண்ட் ப்ராம்ப்டை, அதாவது கட்டளை தட்டும் கறுப்புச் சாளரத்தை, நிர்வாகியாகத் திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்தும், ஓர் இடைவெளியும், சாய்கோடும், அதை ஒட்டி "ஸ்கேன்நவ்" என்றும் அடித்து என்டர் தட்டுங்கள். மின்வெட்டில் சிதைந்த கணினிக் கோப்புகளை அது சோதித்து மாற்றும். "சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்று வந்தாலும் கவலை வேண்டாம். அடுத்து வரும் ஏற்றம் அவற்றையெல்லாம் புதிதாகவே வைக்கும்.

கரண்ட் வந்த முதல் ஐந்து நிமிடம் கணினியைப் போடாதீர்கள்; வோல்டேஜ் நிலைக்கட்டும். பிரிண்டர், கூடுதல் யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றுங்கள். விண்டோஸுக்குள் இருந்தபடியே பென்டிரைவைத் திறந்து "செட்அப்" கோப்பை இருமுறை அழுத்துங்கள். முதல் திரையில் "சேஞ்ச் ஹவ் செட்அப் டவுன்லோட்ஸ் அப்டேட்ஸ்" என்று ஒரு சிறிய இணைப்பு இருக்கும். அதை அழுத்தி "நாட் ரைட் நவ்" என்று கொடுத்தால் மேற்கொண்டு எதையும் இணையத்திலிருந்து இழுக்காது. பின்னால் வரும் திரையில் "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" என்று இருக்கவேண்டும். அந்த வரி இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் கணக்கு மென்பொருள் போய்விடும்.

ஏறியபின் ஏதேனும் ஒத்துவரவில்லை என்றால், 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதியிலிருந்து பழைய பதிப்புக்கே திரும்பலாம். அதுவரை "விண்டோஸ் டாட் ஓல்ட்" கோப்புறையை அழிக்கவேண்டாம்.

யுபிஎஸ் இருந்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டில் செத்துவிடும். தினமும் பலமுறை வடிந்தால் அதற்கும் முன்பே. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போடவேண்டாம். ஆனால் புதுப் பேட்டரி தருவது பத்து நிமிடம். ஒழுங்காக மூடத்தான் அது, அப்டேட்டை ஓட்ட அல்ல. கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றீர்களே, ஏற்றம் செய்யும் நாளில் கணினியை அங்கே கொண்டுபோவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1200 வாட்-மணி. பாதியைத்தான் பயன்படுத்தவேண்டும், அதிலும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். கணினியும் திரையும் சேர்ந்து நூறு வாட் என்று வைத்தால் ஐந்து மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டரில் "யுபிஎஸ்", "நார்மல்" என்று சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ்ஸில் வையுங்கள். நார்மலில், கரண்ட் மாறும் நொடிப்பொழுதில் கணினி அணைந்து எழும்.

விண்டோஸ் 11 போடலாமா?

கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. ஆனால் அன்றோடு கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது, அவ்வளவுதான். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தம் உண்டு. அதற்கு முதல் நிபந்தனை 22எச்2 பதிப்பு. 1909இல் இருக்கும்வரை அந்தக் கதவே உங்களுக்குத் திறக்காது. ஏறியபின் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "என்ரோல் நவ்" என்ற இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லையேல் 30 டாலர். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபிதான். கோப்புறைகளை அங்கே ஏற்றும் தேர்வுகளை அணைத்துவிடுங்கள். கைபேசி டேட்டா மிஞ்சும்.

உங்கள் ஆறாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். கடைக்காரர் அந்தச் சோதனையைத் தாண்டிப் போட்டுத் தருவார். ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. 4 ஜிபி ராமும் சுழலும் டிஸ்க்குமாக அதில் கணக்கு போடுவது தலைவலி. இந்தக் கணினிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். 2026 அக்டோபருக்குப் பிறகு, ஒன்று எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பழைய கணினி ஒன்றை வாங்குங்கள். அல்லது இதிலேயே, விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாடத்தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாமினியும் ஓடும். கணக்கு மென்பொருள்தான் ஓடாமல் போகலாம்.

"ஆக்டிவேட்டும் பண்ணித் தர்றேன்" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அது பெரும்பாலும், உரிமம் வாங்காமலே வாங்கியதுபோல விண்டோஸை ஏமாற்றும் திருட்டு ஆக்டிவேட்டர். அதை ஓட்டுவதற்கே வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். கணக்கு வைத்திருக்கும் கணினியில் அந்த வேலை வேண்டாம். உங்களிடம் ஏற்கனவே உரிமம் இருக்கலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று இருந்தால் அது மதர்போர்டோடு ஒட்டியது. டிஸ்க்கை மாற்றினாலும் போகாது, மறுபடி நிறுவினாலும் தானே வரும். "ஆர்கனைசேஷன்" என்ற சொல் இருந்தால், வீட்டுக் கணினியில் அது ஆக்டிவேட்டரின் தடயம். உரிமமே இல்லாவிட்டாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். திரை மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்ற வாசகம் நிற்கும், சுவர்ப்படத்தை மாற்றமுடியாது. கணக்கு எழுத அது இடைஞ்சல் இல்லை.

கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால்

எஸ்எஸ்டி மாற்றத்தைக் கடையில் செய்வதில் தவறில்லை. ஆனால் சில சொற்களை முன்பே சொல்லி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஃபார்மட் கூடாது, க்ளோன் மட்டும், பழைய டிஸ்க் என் கையில் திரும்பவேண்டும், எந்த ஆக்டிவேட்டரும் ஓட்டக்கூடாது. பழைய டிஸ்க் உங்கள் சொத்து. "கெட்டதுதானே, இங்கேயே இருக்கட்டும்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் உங்கள் கடையின் பற்று வரவு முழுக்க இருக்கிறது.

எப்போதாவது விண்டோஸ் 11 கணினி வாங்கினால், முதல் நுழைவைக் கடைக்காரருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் செய்யவிடாதீர்கள். 24எச்2 பதிப்பிலிருந்து பெரும்பாலான புதிய நிறுவல்களில் டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. 48 இலக்க மீட்புச் சாவி, முதலில் நுழைந்த கணக்குக்குப் போய்விடும். ஒருநாள் கணினி அந்தச் சாவியைக் கேட்டால், நீங்கள் அந்தக் கடைக்காரரைத் தேடிப் போகவேண்டியிருக்கும்.

உறவினர் சொன்னது

நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 1909 வீட்டுப் பதிப்புக்குத் திருத்தங்கள் 2021 மே மாதத்தோடு நின்றுவிட்டன. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்கிறீர்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவும் திருடன் வரும்வரை நன்றாகத்தான் இருக்கும். கடைக் கணக்கும் வங்கிச் செயலியும் உள்ள கணினிக்கு நிரந்தரத் தடை சரியில்லை. தள்ளிவைப்பதுதான் சரி, அதற்கு விண்டோஸிலேயே வசதி இருக்கிறது.

கைபேசி இணையத்தை "மீட்டர்டு" (அளவோடு பயன்படுத்தவேண்டியது) என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்கள் தாமாக இறங்கா. "பாஸ்" பகுதியில் 35 நாள்வரை நிறுத்திவைக்கலாம். "ஆக்டிவ் ஹவர்ஸ்" பகுதியில் 18 மணி நேரம்வரை குறித்தால் அந்த நேரத்தில் தானாக மூடித் திறக்காது. டெலிவரி ஆப்டிமைசேஷனை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் உங்கள் டேட்டாவில் வேறு கணினிகளுக்கும் பங்கு போகக்கூடும். மாதத் திருத்தங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் அமெரிக்காவில் வெளியாகின்றன. நமக்கு அது செவ்வாய் நள்ளிரவை ஒட்டி. ஒரு வாரம் பொறுத்து, கரண்ட் வந்தவுடன் கையாலேயே தொடங்குங்கள். "ரீஸ்டார்ட்" கொடுங்கள், "ஷட் டவுன்" போதாது. எஸ்எஸ்டியில் அந்த மாதத் திருத்தம் மூடித் திறக்கப் பத்து நிமிடம் பிடிக்கும்.

கடைசியாக, மகள் கேட்ட கேள்வி: நீலத் திரையில் இருக்கும்போது கரண்ட் போனால் உடனே என்ன செய்வது? சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். கரண்ட் வந்து நிலைத்தபின் ஒரே ஒரு முறை போட்டு, அது என்ன காட்டினாலும் இரண்டு மணி நேரம் தொடாமல் விடவேண்டும். அடுத்தடுத்துச் சில முறை தொடங்காமல் போனால் விண்டோஸ் தானே பழுதுநீக்கும் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" என்ற வழி இருக்கிறது. அதே இடத்தில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து "நோட்பேட்" என்று அடித்தால், அதன் ஃபைல், ஓப்பன் சாளரத்தில் "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றி, கோப்புகளை வலப்பொத்தான் தட்டிப் பென்டிரைவுக்கு நகல் எடுக்கலாம். விண்டோஸ் எழாத கணினியிலிருந்தும் கணக்கை இப்படி வெளியே எடுத்துவிடமுடியும். மகளுக்கு இதை ஒருமுறை செய்துகாட்டி வையுங்கள்.